ஜூலை மாசத்துப் பூ

மழை விட்ட காலை. ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு கல்லூரிப் பெண்ணும் அவளுடைய அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்த மாதத்துக்கு என்ன பூ, அந்தப் பூவுக்கு என்ன குணம் என்று அந்தப் பெண் போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தாள்.

“அண்ணி, நீ ஜூனு. ரோஜா. பாசக்காரியாம்!”

“அது ஸ்கூல்ல சேக்கசொல்ல வாத்தியாரு போட்ட ஜூனுடி. அந்தப் பாசம் அவருதா இருக்கும்.”

ஆட்டோவே சிரித்தது. அண்ணி மட்டும் மடியிலிருந்த பட்டு நூல் பையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “ஜூலைக்கு என்னாடி பூ?”

“நம்ம வூட்ல யாரு ஜூலை?”

“சும்மா பாரேன்.”

“அல்லி. மனசு சுத்தமா இருக்குமாம். யாரு அண்ணி?”

“இன்னும் யாருமில்ல.”

பெண் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “அண்ணனுக்குத் தெரியுமா?”

“சொல்லல. போன ரெண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. அப்புறம் தங்கலன்னு அதே வாயால சொல்ல வேண்டியதா ஆச்சு, பாவம். மூணு மாசம் தாண்டட்டும்.” கொஞ்ச தூரம் போனதும், “மனசு எப்டி இருந்தாலும் சரிடி. வந்தா போதும்,” என்றாள்.

முன்னால் சாலை முழுக்கத் தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். பெண் அண்ணியைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, பள்ளத்துல மெதுவா போங்கண்ணா.”

“இப்டிப் போனா எப்பம்மா போய்ச் சேர்றது?”

“ஜூலைக்குள்ள சேந்தா போதும்ணா.”