வடகரப்பதி கூட்டத்தில் ஒலிபெருக்கி சரியாகக் கேட்காதது குறித்து

என் பெயர் ராசம்மாள், வயது 22, குப்பண்ணன் மகள், ஊர் வடகரப்பதி. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறி, இவ்வூர்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருக்கிறேன்.

26-10-1974 சனிக்கிழமை பள்ளி விழாவுக்கு, மைக்செட் வாடகைக்கு விடும் ராக்கப்பனின் செட் வந்திருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தபோது மழை பிடித்ததால், நானே அவசரமாக ஒலிபெருக்கிக் கம்பிகளைக் கழற்றி ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்தேன். மழை விட்ட பிறகு திரும்ப மாட்டப் பார்த்தபோது, ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க முனைகளின் எண்களை மூடியிருந்தன. பூசைப் பொட்டை அழிக்க மனம் வரவில்லை. எங்கள் கல்லூரி ஆம்ப்ளிஃபயரில் இந்தக் கம்பிகள் சேர வேண்டிய 100 வோல்ட் முனை இடது ஓரத்தில் இருந்ததை நினைத்து, அதன்படி மாட்டினேன். அதன் பிறகு ராக்கப்பன் வந்தார். பழையபடி மாட்டிவிட்டதாகச் சொன்னேன். "பி.எஸ்ஸி. கை பட்டிருக்குது, நான் வேற பாக்கோணுமுங்களா?" என்று சிரித்தார்.

மறுநாள் மாலை அதே மைதானத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை பற்றிய கூட்டம். மழையால் விழா அத்துடன் முடிந்ததால் அன்று மறுபடி மைக் போடவில்லை, செட்டை அங்கேயே விட்டிருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் சத்தம் மிகவும் குறைவாக இருந்தது. பக்கத்திலிருந்த கருப்பாத்தாள், "என்ன கண்ணு, கொசு பாடறாப்பல இருக்குது" என்றார். ராக்கப்பன் மைக்கை மாற்றினார், அதன் பிறகு மைக் கம்பியை மாற்றினார், வால்வுகள் எரிவதைப் பார்த்தார், சத்தத்தை முழுக்கத் திருப்பினார். பின்பக்கக் கம்பிகளை மட்டும் தொடவில்லை. எண்ணைப் பார்க்காமல் மாட்டியது அப்போது எனக்கு உறைத்தது. இரண்டு முறை எழுந்தேன். முன்னால் முந்நூறு ஆண்கள் இருந்தார்கள். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன். முந்தானை ஓரத்து நூலை ஒரு விரல் நீளத்துக்கு உருவியிருந்தேன்.

அதன் பிறகு, வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரரான சென்னிமலை, தலைப்பில் நிலம் உள்ள மேமடைக்காரர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்ததாக எண்ணி, "மேமடைக்காரன் சோத்தத் தின்னுபோட்டு எங்க காதை அடைக்கறயாடா?" என்று ராக்கப்பன் சட்டையைப் பிடித்தார். தள்ளுமுள்ளில் ராக்கப்பனுக்கு உதடு கிழிந்தது. சென்னிமலை புகார் கொடுத்ததன் பேரில், அடிபட்ட ராக்கப்பனையே காவலர்கள் கூட்டிப்போனார்கள்.

இன்று காலை நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து விவரம் சொன்னேன். ஏட்டையா ராக்கப்பனையும் என்னையும் மைதானத்துக்கு அழைத்துப்போனார். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். இந்தச் செட்டில் இடது ஓரம் 4 ஓம் முனை, அதில் மாட்டினால் இந்த ஒலிபெருக்கிகளில் சத்தம் குறையும். கம்பிகளை 100 வோல்ட் முனைக்கு மாற்றியதும், ஏட்டையா மைக்கில் தொண்டையைச் செருமியது ரோடு வரை கேட்டது. ராக்கப்பன் என்னைத் திட்டவில்லை. "நேத்தே ஒரு சத்தம் போட்டிருக்கலாமுங்களே, டீச்சர்" என்றார்.

சத்தம் குறைந்தது என் தவறு, ராக்கப்பன் வேண்டுமென்று செய்ததல்ல. யாரும் சொல்லிக்கொடுத்து நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

28-10-1974
(ஒப்பம்) கு. ராசம்மாள்