மறுபடியும் சொட்டுது

ஹீட்டர் சொட்டினால் யாரும் பயப்பட வேண்டியதில்லை, ஐயா. முப்பத்தொரு வருடம் பிளம்பர் வேலை பார்த்தவன் சொல்கிறேன். தண்ணீர் சூடானால் விரியும். தொட்டிக்குள் அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீரை ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே விடும். மனுஷன் பெருமூச்சு விடுகிற மாதிரிதான். சொட்டவே சொட்டாத ஹீட்டரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

அந்தச் சின்னக் குழாயின் வாயில் மாப்பிள்ளை போட்ட மூடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வாக்குமூலம் எழுதி, ஸ்டேஷனிலிருந்து என் கையெழுத்துக்காக வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். அதற்கு முன் நடந்ததையும் கேட்டுவிடுங்கள்.

என் மனைவி போன பிறகு வீட்டில் நானும் ரேடியோவும்தான். ஒரே மகள் நாலு தெரு தள்ளி இருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வேலை, குழந்தை, சமையல் என்று அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது. கூப்பிடாமல் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மகள் வீட்டில் அரை நாளே அதிகம் என்று நினைக்கிற ஆள் நான். "பெரிய மானஸ்தன்" என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

ஒரு நாள் மகளே போன் செய்தாள். "அப்பா, ஹீட்டர் சொட்டுதுப்பா. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

போனேன். வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்தது. பத்து நிமிட வேலையை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அவள் டீ கொடுத்துவிட்டு, குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து ஆபீஸ் கதையெல்லாம் சொன்னாள். "எங்க மேனேஜர் தலையிலயும் இப்படி ஒரு வால்வு வெக்கணும்பா" என்றாள். அப்படிச் சிரித்து எனக்கு வெகு நாளாகியிருந்தது.

மகள் வீட்டு வெளிச்சுவரில் தண்ணீர் மீட்டர் பெட்டி இருக்கிறது. தெருக் குழாயின் அழுத்தத்தைக் குறைத்து வீட்டுக்குள் அனுப்புகிற வால்வும் அதற்குள்தான். அதன் தலையில் ஒரு திருகு; இறுக்கினால் வீட்டுக்குள் அழுத்தம் ஏறும். நான் காலையில் நடக்கப் போகிற வழியும் அதுதான். அடுத்த வாரம் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பினேன்.

இரண்டே நாளில் போன் வந்தது. "மறுபடியும் சொட்டுதுப்பா."

ஏழு மாதம் இப்படி நடந்தது. வேலை முடித்துக் கிளம்பும்போது திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். பத்து நாள் போனதும் மறுபடி கால் சுற்று. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நாலைந்து வாளித் தண்ணீர் வீணானது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு முறை திருப்பியும் போன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

"அவரே சரி பண்ணிட்டாருப்பா. அந்தக் குழாய் வாயில ஒரு மூடி போட்டு நல்லா முறுக்கிட்டாரு. இனிமே உங்களுக்கு அலைச்சலே இல்ல" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

அப்போதே, மூடியைக் கழற்று என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன், எதற்கு என்று மாப்பிள்ளை வேறொரு பிளம்பரைக் கூப்பிடுவார். அவன் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் திறப்பான். அதனால் "நல்லதும்மா" என்றேன்.

மறுநாள் திருகைக் குறைக்கத்தான் போனேன். கை வைத்த பிறகு ஒன்று தோன்றியது. அழுத்தம் ஏறினால் எங்காவது கசிந்தே தீரும். ஒரு வாஷர் போகும், ஒரு குழாய் ஒழுகும், என்னைக் கூப்பிடுவாள். இன்னொரு கால் சுற்று திருப்பினேன். நாலு நாள் கழித்து இன்னொன்று. நான் பொருத்திக் கொடுத்த குழாய்கள் ஒன்றுகூட ஒழுகவில்லை. தொழிலில் எனக்கு நல்ல பெயர்.

ஒரு காலையில் அவள் தலைக்குக் குளிக்கப் போனாள். தொட்டியின் அடித்தட்டு பிளந்தது. ஐம்பது லிட்டர். அந்தத் தண்ணீரின் சூடு எனக்குத் தெரியும். அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை போன் செய்ததும் ஓடினேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே போவதற்கு முன் மீட்டர் பெட்டியைத் திறந்து, திருகைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

மூன்று நாள் இருந்தாள். ஆஸ்பத்திரி நடையில் மாப்பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மாமா கொன்னுட்டேன், நான் போட்ட மூடிதான் மாமா." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழாதீங்க மாப்பிள்ளை, விதி" என்றேன். அவரோடு சேர்ந்து நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம், ஐயா. என் குழந்தை அவள்.

எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை மூடிதான் போட்டார். தெரிந்தே அழுத்தத்தை ஏற்றி என் மகளைக் கொன்றவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. போன மாதம் அங்கே புது ஹீட்டர் மாட்டிக் கொடுத்தேன். இன்று காலை மாப்பிள்ளை போன் செய்தார். "இதுவும் சொட்டுது மாமா. பாப்பா வேற உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா." பேத்தி வாசலிலேயே நிற்பாள்.

அப்படிப் பார்க்காதீர்கள், ஐயா. கால் சுற்றுதான். மூடி மட்டும் போடவே கூடாது என்று இந்த முறை மாப்பிள்ளையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.