மீன் ஏணியில் ஏறிய எண்

நாலு மணி. விடியற்காலை நாலு. ஆற்றை ஒட்டி ஒரு மண்பாதை, ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் தண்ணீர், நடுவில் ஒரே ஒரு பைக்... கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது. கதவோரம் இருப்பவரே, பயமென்றால் இப்போதே இடம் மாறிக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து எங்கள் உயிரை வாங்காதீர்கள்.

பைக்கில் போனவர் என் நண்பனின் பெரியப்பா மகன். ஊசிக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவர் ஊசி போடுவது மீனுக்கு. பழைய தடுப்பணை ஒன்று ஆற்றை மறித்து நின்றதால், மீன்கள் முட்டையிட மேலே போக வழியில்லாமல் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. அதனால் அணை ஓரமாக, படிப்படியாகத் தண்ணீர் இறங்கும்படி சிமெண்டில் ஒரு மீன் ஏணி கட்டினார்கள். எந்த மீன் ஏறுகிறது என்று தெரிய வேண்டுமே? மீனைப் பிடித்து, கிராம்பு எண்ணெய் கலந்த தொட்டியில் மயக்கி, அரிசி அளவு சிப் ஒன்றை ஊசியால் ஏற்றி, திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார். ஏணியின் அடியில் ஒரு கம்பி வளையம், உச்சியில் ஒரு வளையம். சிப் வைத்த மீன் கடந்தால் கரையிலிருக்கும் பெட்டி 'டிக்' என்னும். அந்த மீனின் எண் திரையில் எரியும்.

கூட வேலை பார்த்தவன் அவருடைய தங்கை புருஷன், நெட்டை. ஒரு நாள் மீன் துள்ளியதில் ஊசி நெட்டையின் கட்டைவிரல் இடுக்கில் இறங்கி, சிப் உள்ளேயே தங்கிவிட்டது. கீறி எடுத்துவிடலாம் என்று ஊசிக்காரர் கெஞ்சினார்.

"விடுங்க மச்சான். உங்க கணக்குல நானும் ஒரு மீனா இருந்துட்டுப் போறேன்."

அதற்கப்புறம் தினமும், சிப்பின் எண்ணைப் படிக்கும் கை ஸ்கேனர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நெட்டையின் கையைத்தான் நீட்டச் சொல்வார்கள். டிக். அந்தச் சிப்பின் எண் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த நெட்டையைத்தான் வெள்ளம் கொண்டுபோனது. அணைக்குக் கீழே வலையை எடுக்க இறங்கினான்... அவ்வளவுதான். படகில் தேடினார்கள், முக்குளிப்பவர்களை இறக்கினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

தங்கை அழவில்லை. "உடம்பைக் காட்டுண்ணே. அப்புறம் அழுவுறேன்" என்று சொல்லிவிட்டாள். வெள்ளம் வடிந்த பிறகுதான் வயிற்றில் பிள்ளை இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. வயிறு பெருக்கப் பெருக்கப் பேச்சும் தூக்கமும் போயின. ஊசிக்காரர் வேலை முடிந்தும் கரையெல்லாம் கழியால் கிளறிக்கொண்டு திரிவார். வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வராது. பாவம் மனுஷன்.

அது மீன் ஏறும் பருவம். அன்றைக்கு ராத்திரி பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிக். டிக். மீன்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு அடி வளையத்தில், டிக்.

நெட்டையின் எண்.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம், நம்புங்கள். ஏதோ பெரிய மீன் அவன் கையை... அந்த நினைப்பை அவர் முடிக்கவில்லை. எதுவாயிருந்தால் என்ன, தங்கையிடம் கொடுக்க ஏதாவது கிடைக்குமே! ஓடிப்போய் உச்சியில் பலகையைச் செருகித் தண்ணீரை அடைத்தார். அடியில் வலைத்தட்டியைப் போட்டார். களக்... களக்... ஏணி வடிந்தது. படிப்படியாக இறங்கி, தேங்கிக் கிடந்த ஒவ்வொரு மீனையும் ஸ்கேனரில் காட்டிக் காட்டி ஆற்றில் விட்டார். எல்லாம் வேறு எண்கள். கடைசி மீனும் போய்விட்டது.

நடுப்படியில் நிமிர்ந்தார். கிராம்பு வாசனை. அன்றைக்குத் தொட்டியை அவர் எடுத்து வரவேயில்லை.

ஸ்கேனர் ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பதைத்தான் படிக்கும். அது அவர் கையிலேயே... டிக்.

எதிரே வெறும் ஈரச் சிமெண்ட்.

"மாப்ள... எங்கடா கெடக்கிற? சொல்லித் தொலைடா. அவ அழணும்டா."

அவருக்கு மேலே, தண்ணீரே இல்லாத படியில், சளப். அடுத்த படியில், சளப். கரையிலிருந்து பெட்டியின் சத்தம் கேட்டது. டிக். உச்சி வளையமும் தாண்டியாகிவிட்டது.

செத்தது எதுவும் ஓட்டத்தை எதிர்த்துப் போகாது. வாழ்நாளெல்லாம் ஆற்றோடு கிடந்த ஊசிக்காரருக்கு அது தெரியாதா? அணைக்கு மேலே, ஆறு வளைகிற இடத்தில்தான் அவரும் தங்கையும் இருக்கும் வீடு.

பைக்கை எப்படி ஓட்டினாரோ. கதவைத் தட்டினார். தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தாள்.

"என்னண்ணே, இப்படி நனைஞ்சு வந்து நிக்கிற?"

"யாராவது வந்தாங்களா?"

"இந்நேரத்துக்கு யாரு வருவா? நானே இன்னிக்குத்தான் அசந்து தூங்கினேன். இரு, துண்டு எடுத்தாரேன்."

ஸ்கேனர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது, அணைக்கவில்லை. அவள் துண்டை நீட்டியபடி கிட்டே வந்தாள்.

டிக்.

திரையைப் பார்த்தார். அதே எண். துண்டின் மேல் காட்டினார். ஒன்றுமில்லை. அவள் கையருகே காட்டினார். ஒன்றுமில்லை. கையைக் கொஞ்சம் கீழே இறக்கினார்... வயிறு. டிக்.

"என்ன சத்தம்ண்ணே?"

"பே... பேட்டரி."

"ஐயோ, உள்ள உதைக்கிறதைப் பாரேன்!"

சிரித்தாள். நெட்டை போனதிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வார்? சொன்னால்தான் யார் நம்புவார்கள்? ஈரம் சொட்டச் சொட்ட நின்ற இடத்திலேயே நின்றார்.

ஆண் பிள்ளை. நன்றாக இருக்கிறான், ஓடியாடுகிறான். தங்கை அதற்கப்புறம் உடம்பைத் தேடச் சொல்லவேயில்லை. ஏணியின் பெட்டியிலும் அந்த எண் மறுபடி வரவில்லை. ஊசிக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார். பொம்மை வாங்கி வருகிறார், வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

"உனக்குப் புள்ளைன்னாலே பிடிக்காதாண்ணே?" என்று தங்கை குறைப்பட்டுக்கொள்கிறாளாம். மனுஷன் இன்றுவரை ஒரு தடவைகூட அவனைத் தூக்கியதில்லை.