கடைசி வளைவில் எடுத்த படம்

டீயில் சர்க்கரை கம்மி, சார். சுற்றிலும் கரும்பு விளைகிற கள்ளக்குறிச்சியில் போலீஸ் ஸ்டேஷன் டீக்கு மட்டும் என்ன பஞ்சமோ. பரவாயில்லை, சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தனசேகரன். விளையாட்டுப் போட்டிகளைப் படம் எடுக்கிறவன். அப்பா வெல்ல மண்டி வைத்திருந்தார். வெல்லத்தில் மண் இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இனிப்பைப் பற்றிப் பேசுவார். அந்த நாணயத்தில் வளர்ந்தவன் நான்.

சம்பவம் நடந்தது எண்பத்தேழு செப்டம்பரில், இடஒதுக்கீட்டு மறியல் வாரத்தில். மெட்ராஸிலிருந்து வந்த புகைப்படக் கண்காட்சி ஒன்று, லாரி போக வழியில்லாமல் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்திலேயே மாட்டிக்கொண்டது. கலை எங்கள் ஊரில் இத்தனை நாள் தங்கியது அதுதான் முதல்முறை. அதுவும் வேறு போக்கிடம் இல்லாமல்.

காலையில் அங்கே போனேன். உள்ளூர்க்காரன் என்று சேர்த்துக்கொண்ட என் படங்களைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். கல்யாணம் ஏதாவது நடந்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று கண்காட்சி நடத்தும் தீனதயாளன் ஆறுதல் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"உங்க படத்துல எல்லாரும் ஜெயிச்சு முடிச்சிட்டு கப்போட நிக்கிறாங்க சார். அது நடக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

ஊரே கல்லூரியில் இடம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. நான் கேட்டது சுவரில் கொஞ்சம் நல்ல இடம்.

அங்கிருந்து தஸ்தகீர் பாய் ஸ்டுடியோவுக்குப் போனேன். மொட்டை போட்ட குழந்தைகளும் மாலை போட்ட ஜோடிகளுமாக அவர் கடைக் கண்ணாடிப் பெட்டிதான் எங்கள் ஊரின் நிரந்தரக் கண்காட்சி. நடந்ததைச் சொன்னேன்.

"அவரு சொல்றது மெய்தானப்பா. ஒம் படத்துல வேர்வையே இல்லியே. கப்ப மட்டும் பாக்கணும்னா பாத்திரக்கடை போதுமே" என்றார் பாய்.

மதியம் சோதனையில் இறங்கினேன். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி வைத்து வாஸ்லின் தடவினேன். ஷட்டரைத் தாமதமாக்கினேன். பஸ் இல்லாத பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களை எடுத்தேன். கழுவிப் பார்த்தால் காக்கிச் சட்டை போட்ட ஆவிகள். கலைதான், ஆனால் பந்து எங்கே என்று கேட்பார்கள்.

மாலையில் வீரமுத்துவை வரச் சொல்லியிருந்தேன். வெள்ளிமலைக்காரன், சைக்கிள் பந்தயத்தில் கெட்டி. உடற்கல்விக் கல்லூரியில் விளையாட்டுக் கோட்டா சீட்டுக்கு மனுப் போடுகிறான், அதோடு வைக்க ஒரு படம் வேண்டும். சீட் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வேண்டியதுதான் என்பான். அவன் மலையிலிருந்து இறங்கி வருவது, கச்சிராயபாளையத்துக்கு மேலே கடைசி வளைவில் நான் எடுப்பது என்று ஏற்பாடு.

போய்ப் பார்த்தால், வளைவுக்குச் சற்றுக் கீழே ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்ட ஒரு புளியமரம். மறியல்காரர்கள் பொறுப்பானவர்கள், சார். மேலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று வளைவுக்கு முன்னாலேயே கல்லை முட்டுக்கொடுத்து ஒரு கொம்பை நிறுத்திச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கொம்பைப் பள்ளத்தில் போட்டுவிட்டுத் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படத்தில் சிவப்பு உறுத்தும்.

கேமராவில் இருந்தது கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்கிறீர்கள். வளைவுக்கு மேலே இருந்த துணி படத்துக்குள்ளேயே வராது என்றும் சொல்கிறீர்கள். அதுவும் சரிதான். அழகுணர்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே ஏறிப் போனேன். வீரமுத்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அண்ணே, ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுக்கினு வர்றாங்களாமே. கீழ வழி இன்னா ஆச்சு?"

"ஒரு பஸ் இல்ல, லாரி இல்ல. ரோடே ஒனக்குத்தான்டா."

"மொகம் தெரியணும்ணே. இல்லன்னா வேற யாரோன்னுடுவாங்க."

"தலைய குனிஞ்சிக்கினு மிதிச்சி வா. மொகத்த நான் பாத்துக்கறேன்."

இதில் பொய் ஒன்றும் கிடையாது. பஸ் இல்லை என்றேன், இல்லைதானே.

நான் கீழே இறங்கி வந்து கேமராவோடு நின்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பையன். குனிந்த தலை நிமிராமல் வந்தான். சைக்கிள் மரத்தோடு நின்றது. அவன் நிற்கவில்லை. கழுத்து என்றார்கள், ராத்திரியே முடிந்துவிட்டது. பறந்தபோதுதான் தலை நிமிர்ந்தது, படத்தில் முகம் மட்டும் கேட்டபடியே தெளிவாக இருக்கிறது.

மறுநாள் தீனதயாளன் அந்தப் படத்தை மண்டப வாசலிலேயே மாட்டினார். ஊர் அதை விபத்து என்றுதான் சொன்னது. படத்துக்கு முன்னால் நின்று, "இவ்ளோ ஷார்ப்பா எப்படிப்பா எடுத்த?" என்று கேட்கும்வரை நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். என் தொழிலைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. பதில் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

வேகமாக வருகிறவனை லென்ஸால் துரத்திப் பிடிக்க முடியாது, சார். எந்த இடத்தில் நடக்கப்போகிறது என்று முதலிலேயே தீர்மானித்து, அங்கே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருந்தால் பிரேக் பிடித்திருப்பான். பிரேக் பிடிக்கிறவன் படத்தை யார் வாசலில் மாட்டுவார்கள்?

மற்றபடி, அவன் விழவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, சார். மரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு நின்றேன், அவ்வளவுதான்.