கேட் திறந்திருந்த சாயங்காலம்

மூடிய ரயில்வே கேட்டின் முன்னால் நிற்கிற யாருக்கும் கேட் கீப்பரைப் பிடிக்காது, ஐயா. வசவு கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப்போய்விட்டது. ஆனால் கேட் திறந்திருந்தால் ஒருவரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நேரே போய்விடுவார்கள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

என் மகள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து செத்தாள் என்று மருமகன் சொன்னான். அவளைக் குளிப்பாட்டும்போது கழுத்தில் விரல் தடங்களை என் மனைவி பார்த்தாள். கோர்ட் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துச் சாட்சிகள் பல்டி அடித்தார்கள். அவன் வெளியே வந்தான். பேத்தியையும் தன்னோடு வைத்துக்கொண்டான்.

நான் ஜெபத்தில் இறங்கினேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். போதகரிடம் போய்க் கேட்டேன். கொடுமையைக் கண்டும் ஏன் சும்மா இருக்கிறீர் என்று கடவுளிடமே வழக்காடிவிட்டு, காவல் மேடையில் ஏறிப் பதிலுக்காக நின்ற ஒரு தீர்க்கதரிசியைப் பற்றிச் சொன்னார். “பதில் தாமதமாகலாம், வராம இருக்காதுய்யா. நீங்களும் உங்க மேடையிலயே நில்லுங்க” என்றார். நின்றேன். என் மேடை கேட்டடிதான்.

மருமகன் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் பைக்கில் வருவான். ஒருமுறை கேட் மூடியிருந்தபோது, எல்லோர் காதிலும் விழும்படி, “சீக்கிரம் திறங்க மாமா. உங்க சாமி மாதிரியே நீங்களும் லேட்டு” என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அன்றைக்குச் சாயங்கால ரயில் தாமதம். சரியாக அவன் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இதுதான் பதில் என்று எனக்குப் பட்டது. கேட்டை மூடிவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். மூடவில்லை. சொல்லப்போனால் நான் எதுவுமே செய்யவில்லை, ஐயா. இத்தனை காலம் மேலே இருக்கிறவர் எப்படிப் பேசாமல் இருந்தாரோ, அப்படியே நானும் இருந்தேன்.

பைக் திருப்பத்தில் தெரிந்தது. பெட்ரோல் டேங்க்கின் மேல், அவனுக்கு முன்னால், பேத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். கம்பத்தை இறக்க நேரம் இருந்தது. என் கையும் கைப்பிடியின் மேல்தான் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளையை மட்டும் காப்பாற்றும் ஆண்டவரே என்று மனமுருகி ஜெபித்தேன்.

அதையும் அவர் கேட்கவில்லை.