பழைய ஸ்கேன் கவர்

"சொட்டுக் குடிக்காதவனுக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னா எவன் தம்பி நம்புவான்?"

ஒத்தக்கடை நிறுத்தத்தில் பேருந்தில் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தவர், பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார். அவர் மடியில் இரண்டு ஸ்கேன் கவர்கள் இருந்தன. ஒன்று பழுப்பேறிப்போயிருந்தது.

"இந்தப் பழசு என்னதுண்ணே?"

"எட்டு வருசத்துக்கு முந்தி எடுத்தது. ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு, சோத்தக் கொறச்சு தெனம் நடந்தா சரியாயிரும்னாங்க. வீட்டுல காட்டுனா திருட்டுத்தனமா குடிக்கிறேன்னு நெனப்பாளேன்னு பீரோவுல ஒளிச்சுட்டேன். அவ போட்டத வேணாங்காம அம்புட்டையும் தின்னேன்."

"இப்ப?"

"ஈரலே சுருங்கிருச்சாம். இனி பழையபடி ஆகாதாம்."

பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"மதினிகிட்ட என்னண்ணே சொல்லுவீங்க?"

"குடிச்சேன்னே சொல்லிர்றேன். திட்டித் தீத்துருவா. அவ போட்ட சோத்தாலதான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."