நீல மூடிப் புட்டி

பல் டாக்டரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, ஐயா. அதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை.

வேர்ச்சிகிச்சை என்பது கழுவுகிற வேலைதான். அழுகிய நரம்பை எடுத்துவிட்டு, பல்லின் வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாயைக் கிருமி போகக் கழுவி, அடைத்து மூட வேண்டும். எல்லோரும் பிளீச்சிங் கரைசலால் கழுவுகிறார்கள். வேப்பிலைச் சாறே போதும் என்றேன் நான். என் பழைய பேராசிரியர் நிறைந்த சபையில் மைக்கைப் பிடித்து, "அப்போ ஆட்டுக்குப் பல்லே சொத்தையாகாதுன்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரி, ஒப்பிட்டே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பச்சை மூடிப் புட்டியில் தெளியவைத்த சாறு, நீல மூடியில் கரைசல். யாருக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யும். கழுவுகிறவள் என் கொழுந்தியாள். அவளும் பல் டாக்டர். எதில் எது என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதால், வாசனைக்காக இரண்டு மூடியிலும் ஒரு துளி பிளீச்சிங் தடவி வைப்பேன். அந்த அளவுக்கு நான் கறார்.

தொடக்கத்தில் கரைசல்தான் ஜெயித்தது. காலங்காலமாக இருக்கிற மருந்தோடு நேற்று வந்த சாறு மோதுவது நியாயமாகப் படவில்லை. கொஞ்சம் கைகொடுத்தேன். நீல மூடிப் புட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பினேன். அதன்பின் நீலக்காரர்கள் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு தெளிவாக வந்தது.

அப்போதுதான் என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வேறு டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"புருஷன் பல் டாக்டர், தங்கச்சி பல் டாக்டர். நான் வெளிய போய் வாயத் திறக்கணுமா? எனக்கும் சீட்டு எடுங்க."

நீலம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். ஏன் என்று கொழுந்தியாள் கேட்டிருப்பாள். விளக்கைச் சரிசெய்து கொடுத்தேன்.

சில நாளில் தாடைக்குக் கீழே வீங்கிக் காய்ச்சல் அடித்தது.

"மாமா, தொறந்து திரும்பக் கழுவிடலாம்" என்றாள் கொழுந்தியாள்.

"மறுபரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கும்மா. நம்ம வீட்டு ஆளுக்குன்னு விதிய மாத்தினா நல்லா இருக்காது."

மனைவியால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. "அவர் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்று தங்கையை அடக்கினாள். அவள்மேல் எனக்கு உயிர், ஐயா. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கொழுந்தியாள் என்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்தபின் நீல மூடிப் புட்டியைச் சோதனைக்கு அனுப்பியவளும் அவள்தான். கெட்டிக்காரி.

ஆய்வை நான் முழுதாக எழுதி முடித்துவிட்டேன். சொந்த மனைவியாயிற்றே, விட்டுவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் பிளீச்சிங் கரைசல் பலிக்காதவர்களில் ஒருத்தியாக அவளையும் சேர்த்தேன். ஆய்வென்றால் நேர்மை வேண்டும், ஐயா.